முழங்கால் ஆழம்

உக்காரு தாயி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு. வீட்டுக்காரி மாதா கோயில்ல நவநாள் செபத்துக்குப் போயிருக்கா, நாலரைக்குத்தான் வருவா. அதுவும் நல்லதுதான், அவ இருந்தா நம்மளப் பேச விடமாட்டா. இந்தா, மக்ரூன் எடுத்துக்க. தூத்துக்குடி வரைக்கும் வந்துட்டு மக்ரூன் தின்னாமப் போனா எப்படி?

மூணு கடுதாசி போட்ட. மூணும் வந்து சேந்துது. முத ரெண்டுக்கு ஏன் பதில் போடலன்னு கேக்காத. கண்ணு மங்கல், கை நடுக்கம். வயசு அம்பத்தொண்ணுதான், ஆனா கடல்ல கெடந்த உடம்பு சீக்கிரம் தேஞ்சிரும். முத கடுதாசில நீ என்ன எழுதியிருந்த? 'எங்கப்பா பேரு வெயிலுமுத்து, பட்டாளத்துல இருந்தாரு, எழுபத்தொண்ணு சண்டையில உங்க கப்பல்ல ஏறினாரு, அதுக்குப் பிறகு காணவில்லைன்னு காகிதம் வந்துது, அவருக்கு என்ன ஆச்சு?' மொட்டையா அப்படிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ரெண்டாவதுல எழுதின, ஊர்ல எல்லாரும் அவரு சண்டைக்குப் பயந்து ஓடிட்டாரு, அந்தப் பக்கமே ஒருத்தியக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துதாருன்னு பேசுதாவ, அம்மா இருவத்திரெண்டு வருசமாப் பொட்ட அழிக்கவும் முடியாம, அவரு படத்துக்கு மாலை போடவும் முடியாம இருக்கான்னு. அதப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. மூணாவதுலதான் ஒழுங்கா எழுதின. 'ஐயா, அந்தக் கப்பலோட வரலாறு மட்டும் சொன்னாப் போதும்.' சரி, கப்பல் வரலாறுதான, சொல்லிருவோம்னு வரச்சொல்லி எழுதினேன்.

வாசல்ல நீ வந்து நின்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது, தெரியுமா? அதே பல் வரிசை. சரி, விடு.

கப்பலப் பத்திச் சொல்ல இந்த ஊர்ல என்னை விட்டா ஆள் கிடையாது. பதினாறு வருசம் அதுல கெடந்திருக்கேன். காகிதத்துல அதுக்கு ஒரு பேரு, மூஞ்சியில ஒரு நம்பர். நாங்க தமிழ்ப் பயலுவ ஏழெட்டுப் பேரும் வாய்க்காரின்னுதான் சொல்லுவோம். ஏன்னா அதுக்கு வாய் உண்டு. சிரிக்காத, நெசமாத்தான். ஹார்பர்ல நீ பாக்குத கப்பலுக்கெல்லாம் முன்பக்கம் கூரா இருக்கும்லா? இதுக்கு அந்த மூஞ்சி ரெண்டாப் பொளந்து, கோயில் கதவு மாதிரி ரெண்டு பக்கமும் தொறக்கும். தொறந்ததும் உள்ளயிருந்து பெரிய இரும்புப் பலகை ஒண்ணு சங்கிலியில எறங்கும். ரேம்ப்னு சொல்லுவோம். அது வழியா டாங்கி எறங்கும், லாரி எறங்கும், பட்டாளம் எறங்கும். அதுக்குன்னே செஞ்ச கப்பல். ஹார்பர் வேண்டாம், பாலம் வேண்டாம். நேரா கரை மணல்ல போயி ஏறி வாயத் தொறந்துரும்.

மணல்ல ஏறணும்னா அடி தட்டையா இருக்கணும்லா? அதான் அதோட சீக்கு. சட்டி மாதிரி அடி. சின்ன அலைக்கே இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். கடலோரத்துல பொறந்த எனக்கே முத வாரம் குடல் வெளிய வந்துட்டு. உள்நாட்டுப் பயலுவ பாடு கேக்கவே வேண்டாம்.

அது பொறந்தது பெரிய சண்டையில. நாப்பத்தஞ்சுல, குளிர் தேசத்துல எங்கயோ. ஆம்பளையெல்லாம் சண்டைக்குப் போயிட்டதால பொம்பளைங்கதான் வெல்டிங் வச்சு ஒட்டினாவளாம். நான் சேந்தப்ப இருந்த பழைய ஆள் ஒருத்தர் சொல்லுவாரு. முடிச்சு, பெயின்ட் அடிச்சு, பர்மாப் பக்கம் அனுப்புததுக்குள்ள சண்டை முடிஞ்சுட்டு. கல்யாணம் முடிஞ்ச பொறவு மேளக்காரன் வந்து நின்னா எப்படி இருக்கும்? அப்படி வந்து நின்னிருக்கா. பொறவு என்ன செய்ய, கோவேறு கழுத ஏத்தினாவ, அரிசி ஏத்தினாவ, செறையில கெடந்த பட்டாளத்துக்காரங்கள ஊர் கொண்டு சேத்தாவ. பொறவு நம்ம நாட்டுக்குக் குடுத்தாவ. புதுப் பேரு வச்சாவ. துரு சுரண்டுத வேலைக்கு எங்களப் போடுவானுவ, சுத்தியலால தட்டித் தட்டி எடுப்போம். நாலு பூச்சு பெயின்ட் உரிச்சா அடியில பழைய பேரோட எழுத்து வரும். உடனே மேல பூசிருன்னு சொல்லுவாவ.

நான் அறுபத்திரெண்டுல அதுல ஏறினேன். தொபியாஸ் தல்மேதா, வயசு இருவது. எங்கப்பா, தாத்தா எல்லாரும் கடலுக்குப் போறவங்கதான். அத ஃபாரத்துல எழுதினதுதான் வெனையாப் போச்சு. 'மீன் பிடிக்கிறவன் மகனா? ஆழம் பாக்குத வேலைக்கு இவனப் போடு'ன்னுட்டாவ. என்ன வேலைன்னா, கப்பல் மணல்ல தட்டி நின்னதும் ரேம்ப் எறங்கும். ஆனா அங்கயிருந்து கரை நூறடி, எரநூறடி இருக்கும். நடுவுல தண்ணி எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? நான் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு, அளவு போட்ட கம்போட முன்னால எறங்கி நடக்கணும். அடிக்கணக்குல கத்தினா அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, பாதிப் பேருக்குப் பாஷையும் புரியாது. அதனால ஒடம்புலயே தொட்டுக் காட்டுவேன். நெஞ்சுல கை வச்சா நெஞ்சளவு. இடுப்புல வச்சா இடுப்பளவு. குனிஞ்சு முழங்கால்ல தட்டினா முழங்கால். அதப் பாத்துத்தான் அத்தன பேரும் எறங்குவாவ.

அறுபத்தஞ்சுல ஒரு யானையக் கொண்டு போனோம், பாத்துக்க. தீவுல காட்டு மரம் இழுக்க. நான் எறங்கி அளந்து இடுப்பக் காட்டிட்டேன். அது நம்பணும்லா? பாகன் கெஞ்சுதான், கொஞ்சுதான், ஒரு சீப்பு வாழப்பழத்தக் காட்டுதான். ம்ஹூம். முன்னங்கால எடுத்து வைக்கும், மண்ண அமுக்கிப் பாக்கும், பொறவு அடுத்த கால். கரை சேர ஒரு மணி நேரம். மேல கேப்டன் கத்துதாரு. எங்க பயலுவ, 'ஏ தல்மேதா, அது ஒன்னைய ஒரு ஆளாவே மதிக்கல'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சானுவ. நானும்தான் சிரிச்சேன்.

நல்ல கப்பல்னு சொல்ல மாட்டேன். ராசி கெட்ட கப்பல். நான் ஏறுததுக்கு முன்னாலயே ரெண்டு பேர முழுங்கியிருக்கா. ஒருத்தன் கதவுச் சங்கிலியில மாட்டினான், ஒருத்தன் அடித்தட்டுல கேஸ் அடிச்சு விழுந்தான். ஒன் அப்பன் மூணாவது. நான் சொல்லுதது அவ ராசியத்தான். மனுசன் பேர்ல குத்தம் சொல்லி என்ன ஆவப்போவுது?

சரி. கேட்டுட்ட. சொல்லுதேன்.

டிசம்பர் மாசம். சண்டை முடியப்போற சமயம். மேல, பர்மா எல்லைப் பக்கம் ஒரு கடற்கரை, அங்க பட்டாளத்த எறக்கணும்னு ஆர்டர். ஆளுங்கள அடைச்சு ஏத்தினாவ. ரெண்டு நாள் பயணம். வாய்க்காரி ஆடுன ஆட்டத்துல டாங்கி நிக்குத தட்டு பூரா வாந்தி. நான் வாளியும் தண்ணியுமாக் கழுவிக்கிட்டு வாரேன், ஒரு மூலையில ஒருத்தன், 'ஏ பேச்சி, என்னக் கொண்டு போயிராதளா'ன்னு சாமிகிட்டச் சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்கான். நம்ம பக்கத்துப் பேச்சு! சந்தோசம் தாங்கல எனக்கு. 'எந்த ஊருடே?'ன்னேன். 'சங்கரன்கோயிலுக்குத் தெக்க, அண்ணாச்சி'ன்னான். பேரு வெயிலுமுத்து. என்னைவிட ரெண்டு மூணு வயசு எளையவன். கடலையே அவன் அப்பத்தான் மொத மொதப் பாக்கான்.

ரெண்டு நாளும் அவன் கூடத்தான் இருந்தேன். எலுமிச்சம்பழம் குடுத்தேன், மோந்துக்கிட்டே கெடந்தான். ஒன்னப் பத்திச் சொன்னான். ஆமா, சொன்னான். மக பொறந்து ஒன்பது மாசம், ஆவுடைத்தங்கம்னு எங்கம்மா பேரு வச்சிருக்கேன், இன்னும் நான் தூக்கிப் பாக்கலன்னான். அடி போ, அழாத. தண்ணி குடி.

ஒண்ணே ஒண்ணுதான் அவனுக்குப் பயம். சண்டை இல்ல. தண்ணி. 'அண்ணாச்சி, எனக்குக் கெணத்துலயே நீச்சல் வராது, ஆழமா இருக்குமா?' பத்துத் தடவ கேட்டிருப்பான். நான் சொன்னேன், 'லேய், ஆழம் பாக்குததே நான்தாம்ல. ஒனக்கு முன்னால நான் எறங்கி நிப்பேன். நான் கை காட்டாம நீ எறங்காத.' அதுக்குப் பொறவுதான் அவன் ஒரு வாய் சோறு தின்னான்.

காலையில விடியுது. பனி. அம்பதடிக்கு அங்கிட்டு எல்லாம் வெள்ளையாத் தெரியுது. கரையில பனிக்கு மேல பனமரமோ தென்னமரமோ, கருப்பா ஒரு வரிசை. வாய்க்காரி போயித் தட்டினா. கரையில இல்ல, வழியில இருந்த மணல் திட்டுல. அதான் அவ புத்தி! கதவு தொறந்துது, ரேம்ப் எறங்குச்சு, நான் எறங்கினேன், ஆழம் காட்டினேன். அந்தச் சமயத்துல பின்னால ஒரு அலை அடிச்சுக் கப்பல் பக்கவாட்டுல திரும்பிட்டு. ரேம்ப்ல நின்னவன் எல்லாம் ஒருத்தன் மேல ஒருத்தன் விழுதான். ஆபீசர் நிறுத்து நிறுத்துன்னு விசில் அடிக்காரு. என்ன இடுப்புக் கயித்தப் பிடிச்சு இழுத்தாவ. ரேம்ப்பத் தூக்கியாச்சு. ஒரு மைல் தள்ளிப் போயி, படகுல எல்லாரையும் எறக்கினாவ. சாயங்காலம் கரையில எண்ணிப் பாக்கும்போது ஒன் அப்பன் இல்ல. அந்தக் கூத்துல அவன் எப்ப எங்க போனான்னு யாரு கண்டா? நான் பாக்கல.

அவ்வளவுதான். பொறவு கப்பல் எழுபத்தேழுல புயலுக்குப் போச்சு தெரியுமா? பெரிய புயல் அது. ரோடெல்லாம் போயிட்டு, வாய்க்காரிதான் மணல்ல ஏறி அரிசியும் மண்ணெண்ணெயும் எறக்கினா. அங்க ஒரு ஊர்ல...

என்ன? யாரப் பாத்த? ரேம்ப்ல அவனுக்குப் பின்னால நின்ன ஆளா? எங்க இருக்கான்? ராஜபாளையத்துலயா? உசுரோடயா?

அவன் என்ன சொன்னான்?

ம். 'ஊர்க்காரர் முழங்கால்னு கை காட்டிட்டாரு, நான் போறேன்னு சொல்லிட்டு எறங்கினான். பனிக்குள்ள போனான். முழங்கால் தண்ணியில எவன் முங்குவான், கரை ஏறித்தான் போயிருக்கணும்'னு சொன்னானா. சரி. சரியாத்தான் சொல்லியிருக்கான். அவன் பேர்ல தப்பில்ல.

நீ கப்பல் வரலாறுன்னுதான எழுதின? கப்பல் வரலாறு கேட்டு வந்துட்டு என்ன கேள்வி கேக்க நீ? புயலுக்குப் போனதச் சொன்னேன்லா, அதக் கேளு. அந்தப் புயல்ல ஒரு நாளைக்கு நாலு எடத்துல எறங்கி ஆழம் பாத்தேன். ஒவ்வொரு எடத்துலயும் கரை மணல்ல கால் வச்சு, காஞ்ச மண்ண ஒரு பிடி அள்ளி மேல தூக்கிக் காட்டினாத்தான் ஒருத்தன எறங்க விடுவேன். எழுபத்தொண்ணுக்குப் பொறவு ஏழு வருசம் அப்படித்தான். கையில மண்ணு இல்லாம நான் திரும்பினதே கிடையாது. ஆபீசருங்க எல்லாம், 'தல்மேதா மாதிரிக் கருத்தான ஆள் கிடையாது'ன்னு சர்டிபிகேட் குடுத்திருக்காவ. பீரோவுல இருக்கு, காட்டட்டா?

அன்னைக்கா?

அன்னைக்கு மண்ணு எடுக்கல.

அந்தக் கதவ லேசாச் சாத்து தாயி. பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு.

எறங்கினதும் நெஞ்சளவு. கம்பு ஊனி ஊனி நடந்தேன். பத்தடி போனதும் இடுப்பு. இன்னும் பத்தடி, தொடை. அப்புறம் முழங்கால். மணல் திட்டுல ஏறிட்டேன்னு அர்த்தம். திட்டுன்னா என்ன? அதுக்கும் கரைக்கும் நடுவுல பள்ளம் இருக்கும். அலை அடிச்சு அடிச்சு மண்ண அள்ளித் திட்டுல போடுது, அள்ளுன எடம் பள்ளமாத்தான இருக்கும்? இது எங்க தெருவுல நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைங்க குளிக்க வந்தா, 'திட்டத் தாண்டி வராதீங்க'ன்னு கத்துவோம். எனக்குத் தெரியாதா? தெரியும். நல்லாத் தெரியும்.

நெஞ்சளவுத் தண்ணியில நிக்கும்போது தலைதான் வெளிய தெரியும். எனக்கு அது தைரியமா இருந்துது. இடுப்புக்கு வந்ததும் நெஞ்சு தெரியுது. முழங்காலுக்கு வந்ததும் மொத்த ஒடம்பும் வெளிய. எதுர்ல அந்த மரம். அதுக்குப் பின்னால எதிரி துப்பாக்கி வச்சிருக்கான்னுதான எங்களுக்குச் சொல்லியிருந்தாவ? பனி எந்நேரமும் கலைஞ்சிரும். நனைஞ்ச ஒடம்போட, ஒரு கம்பப் பிடிச்சுக்கிட்டு, நான் ஒருத்தன் மட்டும் நட்டமா நிக்கேன். இன்னும் இருவதடி போனாப் பள்ளம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும். போக முடியல. கால் வரல தாயி.

திரும்பி, குனிஞ்சு, முழங்கால்ல தட்டினேன். ரெண்டு தடவ.

அங்க ஒருத்தனும் இல்ல. மரத்துக்குப் பின்னால ஒரு ஈ காக்கா இல்ல. பொறவு படகுல போனவங்க வந்து சொன்னாவ. ஒரு கெழட்டுப் பசு கட்டிக் கெடந்துதாம், அவ்வளவுதான்.

ஒன் அப்பன் வரிசையில மொத ஆள் கிடையாது. முன்னால நின்னவன் தயங்கினான். இவன்தான், 'எங்க ஊர்க்காரர் சொல்லிட்டாரு'ன்னு அவனத் தள்ளிட்டு எறங்கினான். துப்பாக்கியத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, முதுகுல மூட்டையோட வாரான். நான் தண்ணியில குத்த வச்சிருக்கேன், தலை தெரியாம. என்னத் தாண்டிப் போவும்போது சிரிச்சான். அந்தப் பல்லு. நான் சிரிக்கல. 'நில்லுடே'ன்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். சொன்னா, ஏன் நிக்கணும்னு கேப்பாவ. அப்ப நான் திரும்பவும் முன்னால போவணும்.

பொறவு அஞ்சாறு அடிதான். பொசுக்குன்னு போயிட்டான். ஒரு சத்தமில்ல. சத்தம்னு ஒண்ணும் இல்ல, சத்தியமாச் சொல்லுதேன். அந்த மூட்டைக் கனம் அப்படியே இழுத்துட்டு. நான் பாய்ஞ்சு போயி முங்கிப் பாத்தேன். நம்பு. நாலு தடவ முங்கினேன். ஒருக்கத் தோல் வாரு ஒண்ணு கையில தட்டுப்பட்டுது, வழுக்கிட்டு. அப்ப விசில் அடிக்காவ, இடுப்புக் கயித்தப் பிடிச்சு இழுக்காவ. நான் கப்பலுக்கு வந்துட்டேன். பனியில ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல.

விசாரணை வச்சாவ. மூணு பேரு மேசைக்கு அங்கிட்டு. 'ஆழம் எவ்வளவு?'ன்னாவ. முழங்கால் சார்னேன். 'கரை வரைக்குமா?'ன்னாவ. ஆமா சார். 'அவன் முங்கினதப் பாத்தியா?' பாக்கல சார். பாத்தேன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? முழங்கால் தண்ணியில எப்படிடா முங்குவான், நீ எவ்வளவு தூரம் போயிப் பாத்தன்னு வரும். அதான் பாக்கலன்னேன். அவங்க மேல என்ன தப்பு? நான் சொன்னத எழுதிக்கிட்டாவ. முழங்கால் தண்ணியில சாவ முடியாதுல்லா? அப்ப கரை ஏறி ஓடியிருக்கான்னு ஆயிட்டு. நான் நினைச்சேன், பொணம் ஒரு நாள் ஒதுங்கிரும், எல்லாம் தன்னால சரியாயிரும்னு. ஒதுங்கல.

திட்டு. ரெண்டு வார்த்த திட்டேன்.

பாவசங்கீர்த்தனம் செய்யாமலா இருந்தேன்? வருசா வருசம் பெரிய வியாழனுக்கு முன்னால போயி முழங்கால் போட்டுச் சொல்லுவேன். 'சாமி, பொய் சொன்னேன்.' என்ன பொய்யின்னு சாமியார் கேக்க மாட்டாரு. மூணு அருள்நிறை மரியே சொல்லுன்னுவாரு. சொல்லிட்டு வந்துருவேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். இருவத்திரெண்டு வருசத்துல ஒரு சாமியாருக்குக் கூடக் கேக்கத் தோணல பாரு.

எல்லாம் முடிஞ்சு நான் ஊருக்கு வந்தப்ப நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். பஜார்ல கடை ஷட்டர எறக்குதான், கடகடன்னு. எனக்கு அது ரேம்ப். அப்படியே நின்னுருவேன். பின்னால வாரவன், 'ஓய், நகரும்'னு கத்துவான். கூட்டத்துல எவனாவது என்னத் தாண்டிப் போவும்போது லேசாச் சிரிச்சாப் போதும், அவன் எட்டு அடி போற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. எம்பிள்ளைங்கள நான் கடல்ல கால் நனைக்க விட்டதில்ல. பரவன் வீட்டுப் பிள்ளைங்க! தெருவே சிரிச்சுது. இந்தக் கப்பல உடைக்கக் கொண்டு போனப்ப, எண்பதுல, துட்டுச் செலவு பண்ணி ரயில் ஏறிப் போயிப் பாத்தேன். தெரியுமா? கரையில ஏத்திப் போட்டிருந்தான். வாயத் தொறந்து கெடந்தா. கேஸ் வச்சு அறுக்கான். செத்துத் தொலைஞ்சா, இனி நமக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். அவ போனது போயிட்டா. மத்தது அப்படியேதான் இருக்கு.

குடு, அந்தப் பேப்பரக் குடு. என்ன எழுதணும்? 'வெயிலுமுத்து தண்ணியில முங்கிச் செத்ததை நான் கண்ணால் பாத்தேன்.' கையெழுத்துப் போட்டுத் தாரேன். நோட்டரி முன்னால வரணுமா, வாரேன். அந்த முழங்கால் சமாச்சாரமும் எழுதணுமா? எழுதுதேன். என்னச் செயில்ல போட்டாலும் போடட்டும்.

பேப்பர் கொண்டு வரலையா? பின்ன?

யாரு? ஒங்கம்மாவா? எங்க? தெரு முக்குலயா, இந்த வெயில்லயா? ஏன் தாயி, வந்தப்பவே உள்ள கூட்டிட்டு வரவேண்டியதுதான?

ஓ. 'முத நீ போயிக் கேளு. ஒங்கப்பா உசுரோட எங்கயோ இருக்காருன்னு சொன்னா, நான் அந்தக் கப்பல்காரரப் பாக்கவே வேண்டாம், அப்படியே வீட்டுக்குப் போயிருவோம். செத்துட்டாருன்னா, பாத்தவரு வாயாலயே எங்கிட்டச் சொல்லணும்'னாவளா.

நீ சொல்லிரேன் தாயி. ஒனக்குத்தான் எல்லாம் சொல்லிட்டேன்லா. நீ மக, நீ சொன்னாப் பதமாச் சொல்லுவ. எனக்கு... இல்ல, இரு. போவாத. சரி, போ. கூட்டிட்டு வா. அந்தச் சட்டைய எடுத்துக் குடுத்துட்டுப் போ, வெறும் பனியனோட எப்படி நிக்க?

வாங்கம்மா. பாத்து, வாசப்படி ஒசரம். உக்காருங்க. நான் நிக்கேன், பரவாயில்ல, நின்னுக்கிட்டே சொல்லுதேன்.

பூ வச்சிட்டு வந்திருக்கீங்க.

பாத்தேம்மா. என் கண்ணு முன்னாலதான். அவன் ஓடல. யாரையும் கட்டல. நான் கை காட்டின எடத்துல காலை வச்சான், அங்க ஆழம் இருந்துது, போயிட்டான். விடியக்காலம். நான்தான் ஆழமில்லன்னு சொன்னவன். பாத்தும் பாக்கலன்னு சொன்னவனும் நான்தான். மாலை போடுங்கம்மா அவன் படத்துக்கு.

என்னம்மா கேக்கீங்க?

கூப்பிட்டானான்னா கேக்கீங்க?

ஒங்க மககிட்ட இல்லன்னு சொன்னேன். சத்தியம் வேற பண்ணினேன்.

கூப்பிட்டான்மா. பள்ளத்துல கால் எறங்கினதும் 'அண்ணாச்சி'ன்னான். சத்தமாக்கூட இல்ல, பக்கத்துல நிக்கவனக் கூப்பிடுத மாதிரி. நான் மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பவும் 'அண்ணாச்சி'ன்னான். கேட்டுது. ரெண்டு தடவையும் கேட்டுது. அந்தச் சத்தம் நிக்குத வரைக்கும் நான் தலைய எடுக்கல.